விசைக் கணக்கு எங்கேயோ உதைக்கிறதா? முதலில் வகுத்துப் பார், அப்புறம் கழித்துப் பார்

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். கணக்கு இதுதான்: 1.2 டன் நிறையுள்ள நாட்டுப்படகு ஒன்று நின்ற நிலையிலிருந்து கிளம்பி, 10 விநாடியில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. அதன் மீது செயல்பட்ட தொகுபயன் விசை (எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்து மிஞ்சுவது) எவ்வளவு? அவனுக்கு வந்த விடை 2160 நியூட்டன். வினாத்தாளோடு கொடுத்திருந்த விடை 600.

"சூத்திரம் சரி, பெருக்கலும் சரி, மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன் அண்ணே. விடைத்தாள்தான் தப்பா இருக்கும்."

நான் நோட்டைத் திறக்கவே இல்லை. 2160-ஐ 600-ஆல் வகுக்கச் சொன்னேன். 3.6 வந்தது. "கிலோமீட்டர் வேகத்தை மீட்டர் வேகமா மாத்தாம விட்டுட்ட" என்றேன். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பையன் என்னை ஏதோ ஜோசியக்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

இதில் ஜோசியம் எதுவும் இல்லை. பாம்பனில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், தப்புகள் மாறுவதில்லை. விசை = நிறை × முடுக்கம் என்பது வெறும் பெருக்கல். பெருக்கலில் ஏதாவது ஒரு அலகை மாற்றாமல் விட்டால், விடை கண்டபடி தப்பாகாது. குறிப்பிட்ட ஒரு மடங்கில்தான் தப்பாகும். அந்த மடங்கே எந்த இடத்தில் ஓட்டை என்று சொல்லிவிடும். ஆனால் படகையோ பெட்டியையோ பிடித்து இழுக்கும் ஒரு விசையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால், மடங்கு சில்லறையாக வரும், ஒன்றும் புரியாது. அப்போது வகுப்பதை விட்டுவிட்டுக் கழிக்க வேண்டும். மிச்சம் வருவது நாம் மறந்த விசையாகவே இருக்கும்.

கீழே இருப்பதெல்லாம் இந்த இரண்டு சோதனையையும் வைத்துப் பழுது பார்க்கும் முறைதான். முடிந்தவரை மேலே சொன்ன அதே படகையே எடுத்துக்கொள்கிறேன். சரியான வழி ஒரு தடவை: 1.2 டன் = 1200 கிலோகிராம். மணிக்கு 18 கிலோமீட்டர் = விநாடிக்கு 5 மீட்டர். முடுக்கம் = 5 ÷ 10 = 0.5 மீ/வி². விசை = 1200 × 0.5 = 600 நியூட்டன்.

அறிகுறி: விடை 3.6 மடங்கு பெரிதாக வருகிறது

மேலே பார்த்ததுதான். ஒரு கிலோமீட்டரில் 1000 மீட்டர், ஒரு மணி நேரத்தில் 3600 விநாடி. 3600-ஐ 1000-ஆல் வகுத்தால் 3.6. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தால் 3.6-ஆல் வகுத்துவிட்டுத்தான் மறு வேலை. மணிக்கு 18 என்றால் 5, 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20. கேள்வி தயாரிக்கிறவர்களுக்கு இந்த நான்கு எண்கள் மேல் தனி பாசம் உண்டு, மனப்பாடமாக இருந்தால் நல்லது.

இதே ஓட்டை வேறு முகத்தோடும் வரும். அந்தப் படகு மணிக்கு 18 கிலோமீட்டரில் வரும்போது எஞ்சினை அணைத்துவிட்டோம், 25 மீட்டர் ஓடி நின்றது, தண்ணீர் கொடுத்த சராசரித் தடை விசை என்ன என்று கேட்கிறார்கள். இங்கே வேகத்தின் வர்க்கத்தை இருமடங்குத் தொலைவால் வகுக்க வேண்டும். 5-இன் வர்க்கம் 25, அதை 50-ஆல் வகுத்தால் 0.5. விசை மறுபடியும் 600. வேகத்தை மாற்றாமல் 18-ஐயே வர்க்கம் எடுத்தால் 324 ÷ 50 = 6.48, விசை 7776. வகுத்துப் பாருங்கள்: 12.96. இது 3.6-இன் வர்க்கம். ஆக 12.96 என்ற எண்ணைப் பார்த்தால் தப்பும் தெரியும், எந்தச் சூத்திரத்தில் தப்பு செய்தார்கள் என்பதும் தெரியும்.

(சராசரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தண்ணீரின் தடை வேகத்தோடு மாறும். வேகமாக வரும்போது பிடித்து இழுக்கும், படகு அடங்க அடங்க அதுவும் அடங்கிவிடும். கடைசிச் சில மீட்டரைப் படகு எவ்வளவு சோம்பேறித்தனமாகக் கடக்கும் என்று கரைக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

அறிகுறி: விடை ஆயிரம் மடங்கு எகிறுகிறது, அல்லது ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது

பெரிதானால் கிராம், சுருங்கினால் டன். அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சுருங்குகிற தப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நான் செய்தது. பிளஸ் ஒன் படித்தபோது இதே மாதிரி ஒரு படகுக் கணக்கில் 1.2-ஐ அப்படியே போட்டு 0.6 நியூட்டன் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு நியூட்டன் தெரியாது. "அது எம்புட்டு?" என்று கேட்டார். 60 கிராம் பொருளைக் கையில் தாங்கிப் பிடிக்கிற அளவு என்றேன். "அது ஒரு முட்டையில்ல? முட்டையத் தூக்குற பலத்துல படகு கெளம்பிருமா?" என்று கேட்டுவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஒரு நியூட்டன் என்றால் எவ்வளவு என்பதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். 100 கிராம் நெத்திலிக் கருவாட்டை உள்ளங்கையில் வையுங்கள். அது உங்கள் கையை அழுத்துவது ஏறக்குறைய ஒரு நியூட்டன். ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய பத்து. ஐம்பது கிலோ உப்பு மூட்டையைத் தலையில் ஏற்றினால் 490. தேர்வில் பின்பக்க விடை இருக்காது, வகுத்துப் பார்க்கவும் முடியாது. அங்கே கை கொடுப்பது இந்தக் கருவாடுதான். வந்த விடையைப் பத்தால் வகுத்து, இத்தனை கிலோவைத் தூக்குகிற பலம் என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். படகைக் கிளப்பும் 600 நியூட்டன் என்பது சுமார் 60 கிலோவைத் தூக்குகிற பலம். நம்பலாம். முட்டையை நம்ப முடியாது.

இரண்டு ஓட்டை ஒரே கணக்கில் சேர்ந்து வருவதும் உண்டு. நேரத்தை நிமிடத்திலேயே விட்டால் 60 மடங்கு ஏறும். வேகத்தையும் மாற்றாமல் நேரத்தையும் மாற்றாமல் விட்டால் 3.6 × 60 = 216. படகுக் கணக்கில் டன்னையும் விட்டு, மணி வேகத்தையும் விட்டால் 2.16 நியூட்டன் வரும், அதாவது 0.0036 மடங்கு. தெரிந்த எண்ணாக இல்லையே என்று விட்டுவிடாமல், தெரிந்த எண்களைப் பெருக்கிப் பார்த்தால் அகப்படும்.

அறிகுறி: விடை சரியாக ஒரு லட்சம் மடங்கு

இது உண்மையில் தப்பே இல்லை. கிராமையும் சென்டிமீட்டரையும் மாற்றாமல் போட்டிருக்கிறீர்கள். ஆயிரமும் நூறும் சேர்ந்து லட்சம். அப்படி வரும் விடையின் அலகு நியூட்டன் அல்ல, டைன். ஒரு நியூட்டனுக்கு 1,00,000 டைன். பக்கத்தில் டைன் என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். நியூட்டன் என்ற பெயரையே விசையின் அலகுக்கு உலக அளவில் 1948இல்தான் வைத்தார்கள்.

அறிகுறி: விடை பாதி

"நின்ற நிலையிலிருந்து கிளம்பிய படகு 10 விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது" என்று கொடுத்து விசை கேட்பார்கள். 25 ÷ 10 = 2.5, அதை மறுபடி 10-ஆல் வகுத்தால் 0.25, விசை 300. வர வேண்டியது 600.

25-ஐ 10-ஆல் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம். சுழியத்தில் தொடங்கிச் சீராக ஏறிய வேகத்தின் சராசரி 2.5 என்றால், கடைசி வேகம் 5. முடுக்கத்துக்கு வேண்டியது இந்தக் கடைசி வேகம். சூத்திரமாகச் சொன்னால், தொலைவின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அந்த இரண்டை முழுங்கிவிட்டால் விடை பாதியாகிவிடும்.

அறிகுறி: விடை 9.8 மடங்கு

இதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளை அதிகம் கவிழ்ப்பது. குற்றம் அவர்கள் மேல் இல்லை, நம் பேச்சு மேல்தான். ஏலக் கரையில் "கூடை எடை எவ்வளவு?" என்று கேட்டால் "இருபது கிலோ" என்பார்கள். இயற்பியலில் இருபது கிலோ என்பது எடை அல்ல, நிறை. எடை என்பது அந்த நிறையைப் பூமி கீழ்நோக்கி இழுக்கும் விசை. அது 20 × 9.8 = 196 நியூட்டன் (9.8 மீ/வி² என்பது புவியீர்ப்பு முடுக்கம்). கொக்கித் தராசு உண்மையில் உணர்வது இந்த விசையை. ஆனால் அதைத் தயாரித்தவர்களே உள்ளே 9.8-ஆல் வகுத்துக் கிலோவாகக் காட்டும்படி கோடு போட்டு விற்கிறார்கள். மீன் வாங்குகிறவருக்கு வேண்டியது நிறைதான், அதனால் வியாபாரத்தில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் நோட்டில்தான்.

20 கிலோ கூடையைச் சக்கரத் தட்டில் வைத்து 2 மீ/வி² முடுக்கத்தில் இழுக்க, உராய்வை விட்டுவிட்டால், வேண்டிய விசை 40 நியூட்டன். எடையைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று நினைத்து 196-ஐ 2-ஆல் பெருக்குகிறவருக்கு 392 வரும். 392 ÷ 40 = 9.8. பழுது இருக்கும் இடம் அதுதான்.

தலைகீழாகவும் நடக்கும். "196 நியூட்டன் எடையுள்ள கூடை" என்று கேள்வி சொன்னால், 9.8-ஆல் வகுத்து 20 என்று நிறையை எடுத்துக்கொண்ட பிறகுதான் பெருக்க வேண்டும். அலகைப் பாருங்கள். கிலோகிராம் என்றால் நிறை, நியூட்டன் என்றால் எடை. "எடை" என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா இல்லையா என்பதை நம்பவே நம்பாதீர்கள், கேள்வி எழுதுகிறவரும் கரையில் மீன் வாங்குகிறவர்தான்.

ஒருவேளை மடங்கு 1.02 என்று வந்தால் பதற வேண்டாம். நீங்கள் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று போட்டீர்கள், விடைத்தாள் 9.8 போட்டிருக்கிறது. அல்லது நேர்மாறு.

இதுவரை வகுத்தோம். இனிமேல் கழிக்கிற பழுதுகள். இவைதான் சுவாரசியமானவை. அலகுத் தப்பு கைத்தப்பு, இவை புரிதல் தப்பு.

அறிகுறி: தூக்குகிற கணக்கில் விடை கேலிக்கு ஆளாகும் அளவு சின்னதாக வருகிறது

40 கிலோ ஐஸ் பாளத்தைக் கயிற்றில் கட்டி, 0.5 மீ/வி² முடுக்கத்தில் மேலே தூக்குகிறார்கள். கயிற்றின் இழுவிசை என்ன? 40 × 0.5 = 20 நியூட்டன் என்று எழுதிவிடுகிறார்கள். கருவாட்டுச் சோதனை வையுங்கள்: இரண்டு கிலோவைத் தூக்குகிற பலத்தில் நாற்பது கிலோ ஐஸ் எழும்புமா?

சரியான விடை 412. கழித்தால் 392 மிச்சம். 40 × 9.8 எவ்வளவு? அதே 392. மறந்தது எடை.

இந்த 20 நியூட்டன் பொய் அல்ல. அதுதான் தொகுபயன் விசை, மேலே இழுப்பதும் கீழே இழுப்பதும் போக மீந்தது. நிறை × முடுக்கம் எப்போதும் தொகுபயன் விசையைத்தான் தரும். கயிறு தருவதை, கை தருவதை, எஞ்சின் தருவதை அது நேரடியாகச் சொல்லாது. கயிறு முதலில் 392-ஐக் கொடுத்து ஐஸைத் தாங்க வேண்டும், அதற்கு மேல் 20 கொடுத்தால்தான் முடுக்கம்.

நங்கூரக் கணக்கு வந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரும்பு நங்கூரம் தண்ணீருக்குள் இருக்கும்போது தண்ணீரும் அதை மேலே தள்ளும். இரும்பு தண்ணீரைவிட ஏறக்குறைய 7.8 மடங்கு அடர்த்தி, அதனால் எடையில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்துபோகும். 20 கிலோ நங்கூரம் கடலுக்குள் பதினேழரை கிலோ மாதிரி இருக்கும், தண்ணீரை விட்டு வெளியே தலை நீட்டும்போது திடீரென்று கனக்கும். கை அதை முதலிலேயே கண்டுபிடித்துவிடும். பத்தாம் வகுப்புக் கேள்வியில் இது வராது, ஆனாலும் அனுபவத்துக்கும் விடைக்கும் பொருந்தவில்லையே என்று யோசிக்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

அறிகுறி: பெட்டி தள்ளுகிறவனைப் பார்த்துத் திரும்பி வருகிறது

உராய்வுக் கணக்கில் வருவது இது. ஈரத் தரையில் 60 கிலோ ஐஸ் பெட்டி. உராய்வு 120 நியூட்டன். பெட்டி 0.5 மீ/வி² முடுக்கத்தில் போக எவ்வளவு தள்ள வேண்டும்? தொகுபயன் 30, உராய்வு 120, ஆக 150. உராய்வை மறந்தவர் 30 என்பார். கழித்தால் 120, தப்பு அகப்பட்டுவிடும். வகுத்திருந்தால் 5 என்று வந்து எங்கேயோ கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

இதுவரை எல்லாரும் தேறிவிடுவார்கள். அடுத்த கேள்வி: அதே பெட்டியை 100 நியூட்டன் விசையால் தள்ளினால் முடுக்கம் என்ன? வகுப்பில் பாதிப் பேர் 100-இலிருந்து 120-ஐக் கழித்து, 60-ஆல் வகுத்து, கழித்தல் 0.33 என்று எழுதினார்கள். அதாவது தள்ளத் தள்ளப் பெட்டி நம்மை நோக்கி வரும்! நோட்டில் இதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை, நான் எழுந்து நடித்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார்கள்.

120 என்பது உராய்வு தரக்கூடிய உச்ச அளவு. அது எப்போதும் 120-ஆகவே நிற்பதில்லை. நீங்கள் 40 தள்ளினால் அதுவும் 40 தள்ளும், 100 தள்ளினால் 100. 120-ஐத் தாண்டினால்தான் தோற்கும். நிற்கிற பெட்டியை 100-ஆல் தள்ளினால் உராய்வும் 100, தொகுபயன் சுழியம், முடுக்கம் சுழியம். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். (உண்மையில் பெட்டியை அசைக்க வேண்டிய விசை, அது ஓட ஆரம்பித்த பிறகு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் நகர்ந்தவுடன் முன்னால் குப்புற விழப் பார்க்கிறோம். கணக்கில் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டேன்.)

விதி இதுதான்: நிற்கிற பொருளுக்கு உராய்வுக் கணக்கில் கழித்தல் குறியோடு முடுக்கம் வந்தால், அது நகரவே இல்லை என்று அர்த்தம். மற்ற இடங்களில் கழித்தல் குறி பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. கரைக்கு வரும் படகின் வேகம் குறையும்போது முடுக்கம் கழித்தலாக வந்தே தீரும். விசை, படகு போகிற திசைக்கு எதிரே இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அறிகுறி: விசை சுழியம் என்று வருகிறது, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது

மண்டபத்திலிருந்து வரும் ரயில் பாம்பன் பாலத்தின் மேல் ஒரே சீரான வேகத்தில், நேர்கோட்டில் போகிறது. தொகுபயன் விசை என்ன? சுழியம். "அப்போ எஞ்சின் எதுக்கு சார் இழுக்குது?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. எஞ்சின் இழுப்பதும், சக்கரத்திலும் காற்றிலும் போகிற தடையும் சரிக்குச் சரி. மீதி சுழியம், முடுக்கமும் சுழியம். விடை சரிதான், அடித்துவிட்டு வேறு எழுத வேண்டாம்.

பாலம் என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி, கப்பல் வரும்போது அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. 1914இல் திறந்த பழைய பாலம் இரண்டு இறக்கையாகப் பிளந்து திறக்கும், இது மின்தூக்கி மாதிரி. இரண்டு பக்கக் கோபுரங்களிலும் எதிர்எடைகள் தொங்குகின்றன. பாலம் ஏற, அவை இறங்கும்.

கணக்குக்காகத் தூக்குப் பகுதி 100 டன், எதிர்எடைகளும் சேர்ந்து 100 டன் என்று வைத்துக்கொள்வோம் (உண்மை எண்கள் அல்ல, பெருக்க வசதியானவை). 0.01 மீ/வி² முடுக்கத்தில் கிளப்ப என்ன விசை வேண்டும்? எடையும் எதிர்எடையும் ஒன்றை ஒன்று அடித்துவிட்டன, அதனால் சுழியம் என்பார் ஒருவர். 1,00,000 × 0.01 = 1000 நியூட்டன் என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை, 2000. எடைகள்தான் அடிபட்டன, நிறைகள் அடிபடவில்லை. பாலமும் முடுக்கம் பெற வேண்டும், எதிர்எடையும் முடுக்கம் பெற வேண்டும், ஆக நிறை 200 டன். எதிர்எடை இல்லாமல் தூக்கினால் எடைக்கு மட்டும் 9,80,000 நியூட்டன் கொடுக்க வேண்டியிருக்கும். நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை, அதுவும் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மாதிரி.

அறிகுறி: கயிற்றின் இழுவிசை மொத்த விசையாகவே வருகிறது

எஞ்சின் நின்றுபோன படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வருகிறது. முன்படகு 2000 கிலோ, பின்படகு 1500 கிலோ, முடுக்கம் 0.2. தண்ணீரின் தடையை விட்டுவிட்டால் எஞ்சின் தர வேண்டியது 3500 × 0.2 = 700. நடுவில் இருக்கும் கயிற்றில்? அங்கேயும் 700 என்றால் தப்பு. கழித்தால் 400 அதிகம், அது முன்படகுக்கு வேண்டிய விசை. கயிறு பின்படகை மட்டும் இழுக்கிறது: 1500 × 0.2 = 300.

இதற்கு மருந்து ஒன்றுதான். எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோமோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்தின் கோட்டை வெட்டி உள்ளே வரும் விசைகளை மட்டும் வரைய வேண்டும், வட்டத்துக்குள் இருக்கும் நிறையை மட்டும் போட வேண்டும். இப்படிச் செய்தால் இன்னொரு பழைய வியாதியும் போய்விடும். கழியைத் தரையில் ஊன்றித் தள்ளி வத்தையை (சின்னப் படகு) நகர்த்துகிறோம். "நாம தரையத் தள்றோம், தரை நம்மளத் தள்ளுது, ரெண்டும் சமம், எதிரெதிர், அப்போ மொத்தம் சுழியம், வத்தை எப்படி நகரும்?" வட்டம் போடுங்கள். வத்தையும் ஆளும் கழியும் உள்ளே. தரை தள்ளுவது வட்டத்துக்குள் வருகிறது. நாம் தரையைத் தள்ளுவது தரையின் கணக்கு, நம்முடையது அல்ல.

சாய்வான கயிறு என்றால் முழு விசையையும் போடக் கூடாது, கிடைத்திசைப் பங்கை மட்டும். மணலில் இருக்கும் படகை 30 பாகைச் சாய்வில் 400 நியூட்டனால் இழுத்தால் முன்னால் இழுப்பது 346. மீதி வீண் இல்லை, 200 நியூட்டன் அளவுக்குப் படகைத் தூக்கிக் கொடுப்பதால் மணலின் உராய்வும் குறையும்.

படகில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும் கணக்கு மாதிரி நிறையே மாறினால், இந்தச் சூத்திரத்தை அப்படியே போட முடியாது. நியூட்டன் 1687இல் எழுதியது உந்த (நிறை × திசைவேகம்) மாற்றத்தைப் பற்றி. நிறை மாறாதபோது மட்டும் அது நிறை × முடுக்கம் ஆகிறது. பள்ளிக் கணக்குக்கு இது தேவைப்படாது.

அறிகுறி: போன் மேசையில் சும்மா கிடக்கிறது, முடுக்கம் 9.8 என்று காட்டுகிறது

ஃபைஃபாக்ஸ் மாதிரி ஒரு செயலியை இறக்கி முடுக்கம் அளக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். போன் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருக்கும் உணரி முடுக்கத்தை நேரடியாக உணர்வதில்லை, தன்னைத் தாங்கிப் பிடிக்கும் விசையைத்தான் உணர்கிறது. மேசை கீழே இருந்து தாங்குவதால் 9.8. மெத்தைக்கு மேலே பிடித்துக் கையை விட்டுப் பாருங்கள், விழுகிற அந்த ஒரு நொடிக்குள் சுழியத்தை ஒட்டி வரும். புவியீர்ப்பு இல்லாமல் காட்டும் பகுதி அதே செயலியில் தனியாக இருக்கிறது, கணக்குக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தராசு ஆடுகிறது

கொக்கித் தராசை வைத்துச் செய்முறை செய்கிறவர்களுக்கு முதலில் ஒன்று: அது கிலோவில் காட்டும், விசை வேண்டுமானால் 9.8-ஆல் பெருக்க வேண்டும். பெட்டியை இழுக்கும்போது 15 காட்டினால் 147 நியூட்டன்.

அப்புறம், கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வருவது) அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் ஒரு பையன் அவன் மாமா படகில் தராசோடு ஏறிவிட்டான். தெற்குக் கடல் கொந்தளிப்பாக இருந்தது. கரையில் சரியாகப் பத்து கிலோ காட்டிய மீன் பையைப் படகில் தொங்கவிட்டால் 9-க்கும் 11-க்கும் நடுவே முள் ஓடுகிறது. தராசு போச்சு என்று நினைத்து அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான்.

தராசு சரியாக இருந்தது. 11 காட்டிய நொடியில் கொக்கி மேலே இழுத்தது 107.8 நியூட்டன், பையின் எடை 98. கழித்தால் 9.8. அதை 10 கிலோவால் வகுத்தால் 0.98 மீ/வி². அந்த நொடியில் படகு, பை, மாமா, அவன் எல்லாரும் மேல்நோக்கி அந்த அளவு முடுக்கம் பெற்றிருக்கிறார்கள். 9 காட்டியபோது அதே அளவு கீழ்நோக்கி. மறுநாள் வடக்குக் கடல் பக்கம் போய் அமைதியான தண்ணீரில் அதே பையைத் தொங்கவிட்டுப் பார்த்தான். முள் பத்திலேயே நின்றதாம். இப்போது அவன் தராசை அலை அளக்கிற கருவி என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.